ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள எஸ்தர்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். காலையில்தான் போனில் பேசினோம், நீ நலமாகத்தான் இருக்கிறாய். நானும் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்கு இத்தனை பக்கம் என்று நினைப்பாய். மூன்று முறை சொல்ல ஆரம்பித்தேன். முதல் முறை நீ மீட்டிங்கில் இருந்தாய். இரண்டாம் முறை சிறுசேரி சிக்னலில் மாட்டிக்கொண்டிருந்தாய். மூன்றாம் முறை நீ ஓய்வாகத்தான் இருந்தாய், நான்தான் பேச்சை மாற்றி அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டேன். வெயில் கொளுத்துகிற மத்தியானம் அது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நீ சிரித்தாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

போன வாரம் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, செடி டெலிவரிக்கு பிக்கப் வாங்கப் போறேன். டீசலா பெட்ரோலா?" நான் யோசிக்கவே இல்லை. "டீசல்" என்றேன். "ஏன்பா?" என்றாய். "பெட்ரோல் எஞ்சின் லோடு தாங்காது. நம்ம வண்டி ஜாம் ஆனது மறந்துபோச்சா?" என்றேன். நீயும் உடனே, "அப்ப டீசல்தான். சனிக்கிழமை போய் புக் பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டாய். எட்டு வருஷம் பார்த்த வேலையை விட்டுவிட்டு நர்சரி வைக்கப் போகிறவள் நீ. ஒரு போன் வாங்குவதற்குப் பத்துப் பேரைக் கேட்பாய், பதினோராவதாக நெட்டில் தேடுவாய். வண்டி விஷயத்தில் மட்டும் நான் சொன்ன ஒரு வார்த்தை உனக்குப் போதுமாக இருந்தது. நான் சொன்ன பதில் தப்பு. அது தெரியாமல் சொன்ன தப்பு என்றால் இன்னொரு போன் போட்டுத் திருத்தியிருப்பேன். ஒன்பது வருஷமாக ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லிச் சொல்லி, எனக்கே உண்மை போல ஆகிவிட்ட பதில் அது.

நம்முடைய பழைய டீசல் வண்டி உனக்கு ஞாபகம் இருக்கும். பெருங்களத்தூரில் நம் கேன் தண்ணீர் கம்பெனி ஆரம்பித்த வருஷம் வாங்கியது. காலையில் அது ஸ்டார்ட் ஆகும் சத்தத்தில்தான் நீ எழுந்து ஸ்கூலுக்குக் கிளம்புவாய். மூன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது, எஞ்சினை ஒரு முறைகூடப் பிரிக்கவில்லை. "டீசல்னா டீசல்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் பெருமை பேசுவேன். டீசல் எஞ்சினைக் கனமாகத்தான் செய்கிறார்கள், உள்ளே அழுத்தம் அதிகம், அதைத் தாங்க வேண்டும். அந்த அளவுக்கு என் பெருமை நியாயம்தான். ஆனால் அந்த எஞ்சின் அத்தனை வருஷம் ஓடியதற்கு அது மட்டும் காரணமில்லை. அதை ஓட்டியவர் நீ மூர்த்தி அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நம் டிரைவர். சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாலேயே ஆயிலை மாற்றிவிடுவார். மழைக்காலத்தில் டீசல் பில்டரில் சேர்ந்த தண்ணீரைத் தானே திறந்து வடித்துவிடுவார். லோடு இழுத்துக்கொண்டு வந்த வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்ப மாட்டார், ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைப்பார். நான் அதற்கும் திட்டுவேன், டீசல் உன் அப்பன் வீட்டு டீசலா என்று. அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விடுவார்.

நான் அவரை அதிகம் திட்டியது தண்ணீருக்காகத்தான். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் அவர் விற்பனைக்கு வைத்திருக்கும் கேனைத் திறந்து ஊற்றுவார். எனக்கு வயிறு எரியும். ஒரு நாள் கேட்டேவிட்டேன், விற்கிற தண்ணீரை எடுத்து வண்டிக்கு ஊற்றுகிறாயே, உனக்கு அறிவிருக்கா என்று. அவர் சொன்னார்: "உப்புத் தண்ணி ஊத்தினா உள்ள படிஞ்சிடும் சார். நீங்களே அதத்தான சார் கஸ்டமர்கிட்ட சொல்லிகினு கீறீங்க." பக்கத்தில் கேன் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சொன்னது உண்மை. நம் பக்கத்து போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும், அதைக் காட்டித்தான் நான் வீடு வீடாகக் கேனுக்கு ஆர்டர் பிடித்தேன். நியாயமாக எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். முதலாளி என்கிற நினைப்பு தலைக்கு ஏறியிருந்த காலம், கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தை மனசில் வைத்துக்கொண்டேன்.

பிறகு டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு, சின்னதாக ஒரு பெட்ரோல் வண்டி வாங்கினோம். சந்துக்குள் திரும்புவதற்கு அதுதான் வசதி. வந்த முதல் நாளே மூர்த்தியிடம் சொன்னேன், "இனிமே வண்டிக்குத் தண்ணி நான் ஊத்திக்கறேன். நீ கை வைக்காத." இரண்டாம் வருஷம் ரேடியேட்டர் ஹோஸ் லேசாகக் கசிய ஆரம்பித்தது. அதை மாற்றுவதற்குச் சோம்பல்பட்டு தினமும் காலையில் நானே ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிவந்தேன். எந்தத் தண்ணீர் என்று கேள். நம் கம்பெனியில் இரண்டு குழாய் இருந்தன. போர் தண்ணீர் மெஷினுக்குள் போனால் ஒரு குழாயில் நல்ல தண்ணீர் வரும், அதிலிருந்து பிரிந்த உப்பெல்லாம் சேர்ந்த கழிவுத் தண்ணீர் இன்னொரு குழாயில் வரும். அந்த வேஸ்ட் குழாயில்தான் நான் பாட்டிலைப் பிடித்தேன். எப்படியும் சாக்கடைக்குப் போகிற தண்ணீர்தானே என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் உப்பைப் பிரித்துக் கொடுத்தவன், பிரித்த உப்பைக் கொண்டுபோய்த் தன் எஞ்சினுக்குள் ஊற்றினேன். ஏழெட்டு மாதம் ஊற்றியிருப்பேன்.

இப்போது உன் இன்டர்வியூ நாளுக்கு வருகிறேன். உனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கும், எனக்கும்தான். காலை ஒன்பதரைக்கு சிறுசேரியில் இருக்க வேண்டும். பண்டிகைக்கு ஊருக்குப் போகிற கூட்டம், பெருங்களத்தூரில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கேளம்பாக்கம் ரோட்டில் நமக்கு லோடு இருந்தது, மூர்த்தி வண்டியிலேயே போய்விடு என்று நான்தான் ஏற்றிவிட்டேன். அதற்கு ஒரு வாரம் முன்பே அவர் சொல்லியிருந்தார், "சூடு காட்ற முள்ளு மேல ஏறுது சார், ரேடியேட்டர கழட்டிப் பாத்துடலாம்" என்று. பண்டிகை லோடு முடியட்டும் என்றேன். பெட்ரோல் எஞ்சின் அப்படித்தான் சூடாகும் என்று அவருக்கே பாடம் எடுத்தேன். அன்றைக்கு வண்டலூர் தாண்டியதும் அவர் எனக்குப் போன் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உனக்கு அவர் பேசியது மட்டும்தான் கேட்டிருக்கும். கடைசியில் அவர் "சரி சார்" என்று சொன்னது கேட்டிருக்கும். நான் சொன்னதை இப்போது எழுதுகிறேன். "முள்ளு செவப்புல நிக்குது சார், ஓரம் கட்டிடட்டுமா?" என்று கேட்டார். "பாப்பாவுக்கு நேரமாச்சு. மெதுவா ஓட்டிகிட்டுப் போ, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

மாம்பாக்கம் பக்கத்தில் எஞ்சின் ஜாம் ஆனது. நான் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து சேருவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. ஆட்டோ எதுவும் நிற்காமல் நீ ரோட்டோரத்தில் பைலை மார்போடு பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். பக்கத்திலிருந்த மெக்கானிக் அதற்குள் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டார். விரலில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. "இதுக்கு யாருங்க தண்ணி ஊத்தறது?" என்று கேட்டார். நீ தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய். நான் "டிரைவர்தான்" என்றேன். எஸ்தர், அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. நீ என்னைப் பார்த்த பார்வையில் பயந்துபோய்ச் சொன்னேன். மூர்த்தி என்னைப் பார்த்தார். அப்புறம் உன்னைப் பார்த்தார். மெக்கானிக்கிடம், "ஆமாங்க, நான்தான் ஊத்தினேன்" என்றார்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். கோபப்படாவிட்டால் நீ சந்தேகப்படுவாய் என்று தோன்றியது. நீ அவரிடம், "உங்களை நம்பி வந்தேன் பாருங்க" என்று சொன்னாய். அவர் கேன்களை இறக்கி ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். நீ போய்ச் சேருவதற்குள் அங்கே கதவை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நீ வீட்டில் இருந்தாய், யாரோடும் சரியாகப் பேசாமல். அந்த ஒரு வருஷமும் சாப்பாட்டு மேசையில் மூர்த்தியின் பேர் வரும்போதெல்லாம் நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். யாராவது வண்டியைப் பற்றிக் கேட்டால், பெட்ரோல் எஞ்சின் லோடு தாங்காது, டிரைவரும் கவனமில்லாதவன் என்பேன். வண்டி ஸ்டாண்டில் அந்தப் பேச்சு பரவிவிட்டது. எஞ்சினை ஜாம் பண்ணினவன் என்று யாரும் அவர் கையில் வண்டியைக் கொடுக்கவில்லை. இருபது வருஷம் ஸ்டீயரிங் பிடித்த மனுஷர், அதோடு சரி.

உன் கல்யாணத்துக்கு அவர் வந்திருந்தார். நான் அழைக்கவில்லை, எப்படியோ தெரிந்துகொண்டு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சர்ச் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். காரிலிருந்து இறங்கும்போது நீ அவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன் மேல் தப்பில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபோது அவரைத் தேடினேன், போய்விட்டிருந்தார். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

நேற்று முன்தினம் அவரைத் தேடிக்கொண்டு போனேன். பெருங்களத்தூரில் புதிதாக வந்திருக்கும் அபார்ட்மென்ட் ஒன்றில் ஜெனரேட்டரும் மோட்டாரும் பார்த்துக்கொள்கிறார். பெட்ரோல் பங்கில் கேனோடு டீசல் வாங்கிக்கொண்டு போவதை இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன், பார்க்காத மாதிரி நடந்திருக்கிறேன். ஜெனரேட்டர் ரூம் வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "இன்னா சார் இந்தப் பக்கம்? உடம்பு நல்லா கீதா?" என்றார். மனசில் தயார் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. "பாப்பா பிக்கப் வாங்கப் போவுது மூர்த்தி. டீசலா பெட்ரோலான்னு கேக்குது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "நெசமாவா? எங்க சார் ஓட்டப்போவுது? இன்னா லோடு?" என்று வரிசையாகக் கேட்டார். தொட்டிகளும் மண் மூட்டையும் செடிகளும், பெருங்களத்தூரிலிருந்து சிறுசேரி வரைக்கும் அபார்ட்மென்ட் அபார்ட்மென்ட்டாக நின்று நின்று போகும், செடி வெளியூரிலிருந்து வாடகை லாரியில் வந்து இறங்கிவிடும் என்றேன். "நீங்க இன்னா சொன்னீங்க?" என்றார். டீசல் என்று சொன்னதைச் சொன்னேன். "வேலைக்கு ஆவாது சார். இது நம்ம பழைய வண்டி டீசல் இல்ல. இப்ப வர்ற வண்டில சைலன்சர் பக்கம் ஒரு பில்டர் வெச்சிக்கிறான், கரியப் புடிக்கறதுக்கு. ஹைவேல ஒரு அரை மணி நேரம் சூடா ஓடினாதான் அந்தக் கரி எரியும். பாப்பா வண்டி அஞ்சு கிலோமீட்டர் போவும், நிக்கும். அடைச்சிக்கும், லைட்டு எரியும், அப்புறம் ஒரே பேஜாரு. மதுரைக்கும் ஓசூருக்கும் லோடு அடிக்கிறவனுக்கு டீசல் நல்லா ஒழைக்கும். சின்ன ஓட்டத்துக்குப் பெட்ரோல்தான் சார். ஆயிலும் தண்ணியும் ஒழுங்கா பாத்துகினா அது பாட்டுக்கு ஓடிகினு கெடக்கும்" என்றார்.

"நம்ம பெட்ரோல் வண்டி ஜாம் ஆச்சே" என்றேன். ஒப்புக்கொள்ளப் போன இடத்திலும் என் வாயில் அதுதான் வந்தது. அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அது பெட்ரோலால ஆவல சார்" என்றார். "தெரியும்" என்றேன். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தப்பு என்னுடையது, அன்றைக்கு நான் பொய் சொன்னேன், உன் பிழைப்பைக் கெடுத்தேன் என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் "வுடுங்க சார்" என்றார். விடச் சொன்னாரே தவிர மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, அதை நான் கவனித்தேன். அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

கிளம்பும் முன் கேட்டேன், "நீ ஏன் மூர்த்தி அன்னிக்கு ஆமான்னு சொன்ன? இல்லன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" அவர் ஜெனரேட்டர் ரூம் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "பாப்பா அழுதுகினு நின்னுச்சு சார். இன்டர்வியூ போச்சேன்னு அது துடிச்சிகினு கீது. அந்த நேரத்துல அப்பாவும் பொய் சொல்றாருன்னு வேற அதுக்குத் தெரியணுமா? நான் யாரு அதுக்கு, டிரைவரு. என்ன ரெண்டு நாள் திட்டும், மறந்துடும்னு நெனச்சேன்." கதவின் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே, "மறக்கல போல" என்றார். கல்யாண நாளைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் இதுவரை தெரியாது. டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள், அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எனக்கு அலுத்துவிட்டது, எஸ்தர். கம்பெனியை மூடியபோதுகூட இவ்வளவு அலுப்பு இல்லை. ஒரே பொய்யை ஆள் மாற்றி ஆள் மாற்றிச் சொல்லி, கடைசியில் அதை உன் முதல் வண்டி வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். நீ டீசல் வாங்கி, அது அடைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றால், அப்போதும் நான் ஓட்டுகிறவரைத்தான் குறை சொல்லியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. உனக்கு வேலைக்கு ஆள் வருவார்கள், நீ முதலாளி ஆவாய். வண்டிக்கு எந்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை ஓட்டுகிறவர் சொன்னால் கேட்டுக்கொள். நான் உனக்குச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

சனிக்கிழமை வண்டி பார்க்க நான் வரவில்லை. மூர்த்தி வருவதாகச் சொல்லியிருக்கிறார், நீ கூப்பிட்டால் மட்டும். அவருக்கு அன்று மத்தியானம்தான் ஷிப்ட். அவர் நம்பரை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று வாசல் வரைக்கும் வந்து கேட்டுக்கொண்டார். "இத்தினி வருசம் ஆயிடுச்சு சார், என்ன கெட்டவன்னு நெனச்சிகினு அது நல்லாதான கீது. இப்ப போயி எதுக்கு உங்கள அதுக்குக் கெட்டவராக்கணும்?" என்றார். அவர் பேச்சை நான் இந்த முறையும் கேட்கவில்லை. முதலில் அவருக்குப் போன் பண்ணு. என்னோடு பேசுவதற்கு அவசரம் இல்லை, உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது பேசு.

அப்பா